சாவிப் பலகையின் ஆறாவது ஆணி

எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸில், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. பச்சை பெயிண்ட் அடித்த பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள். உர ஸ்டோர், பாக்டரி, லோரி ஷெட், மேனேஜரான துரையின் ரூம் என்று எஸ்டேட்டில் எந்தப் பூட்டு வாங்கினாலும் அதன் இரண்டாவது சாவி அந்தப் பலகைக்கு வந்து சேர வேண்டும். இது சட்டம்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் உர ஸ்டோரில் ஒருநாள் புகை வந்தது. சாவியை வைத்திருந்த ஸ்டோர் கிராணி கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தார். சாவியும் அவர் பையில் ஈப்போ போயிருந்தது. கதவை உடைத்து உள்ளே போவதற்குள் பாதி ஸ்டோர் கரியாகிவிட்டது. அன்றிலிருந்துதான் பலகை. ஆகவே பலகையை நான் குறை சொல்லவில்லை. அதைக் கொண்டுபோய் எதற்கெல்லாம் பொருத்தினார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம். இத்தனை நாள் கழித்தும் அது அடங்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம் வரை படித்த முதல் ஆள் நான். அந்த ஒரே தகுதியில் என்னை ஈப்போவுக்கு ஆறு வாரம் படிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்தில் எனக்குக் ‘கம்ப்யூட்டர் கிராணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா அதைக் கேட்டும் கேட்காததுபோல இருப்பார். ஆனால் இரண்டாவது தடவை சொல்லவைக்க, “என்னா சொன்னீங்க?” என்பார்.

மூளை ஒன்று, திரை மூன்று. ஆபீஸில் ஒரு திரை, பாக்டரியில் ஒன்று, துரையின் ரூமில் ஒன்று. பாக்டரிக்குப் போகும் வயர் ரோட்டுக்கு அடியில் குழாயில் போனது. இந்த மூன்றில் எதன் முன்னால் உட்கார்ந்தாலும் எஸ்டேட் ஆட்களின் பெயரும் சர்வீஸும் உள்ள ஒரே பட்டியலைத் திறக்கலாம். வசதி அதுதான், ஆபத்தும் அதுதான் என்று ஈப்போவில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். மிசினுக்குக் கண் கிடையாது. முன்னால் இருப்பவர் துரையா, தரை கூட்ட வந்தவரா என்று அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு கேள்வி கேட்கும். நீ யார்? நீதான் அது என்பதற்கு என்ன சாட்சி? பெயர் ஊருக்கே தெரிந்திருக்கலாம். சாட்சியான பாஸ்வேர்ட் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல், யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று ஆளுக்கு ஆள் அனுமதி வேறுபடும். எதையாவது மாற்றினால், மாற்றியவர் பெயரையும் நேரத்தையும் மிசின் தன் பதிவில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும். எழுதுகிறவன் ஒருவன், சரிபார்க்கிறவர் இன்னொருவர் என்று இருக்கட்டும் என மிசினைப் பொருத்த வந்த ஈப்போ இன்ஜினியர் சொன்னார். ஆள் பட்டியலை மாற்றும் அனுமதியைத் துரைக்கும் எனக்கும் மட்டும் வைத்தார். பெரிய கிராணிக்கும் மற்ற மூன்று கிராணிகளுக்கும் பார்க்கும் அனுமதி மட்டும்.

இன்ஜினியரின் கார் பக்கத்து ஊரான தானா ராத்தாவைத் தாண்டியிருக்காது. பெரிய கிராணி பலகையில் புதிதாக ஆறு ஆணி அடிக்கச் சொன்னார். தேயிலை சாம்பிள் பொட்டலத்தில் கட்டும் அட்டைகள் ஆறு எடுத்தார். “ஆளுக்கு ஒன்னு. பாஸ்வேர்ட எழுதி மாட்டுங்க,” என்றார்.

நான் மறுத்தேன். “ஐயா, அத யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க.”

“யாருகிட்ட மறைக்கப்போற? என்கிட்டயா, துரைகிட்டயா?”

“மறைக்கிறது இல்லங்க ஐயா...”

“துரை ரூம் சாவியே இங்க தொங்குது. ஒன்னோடது என்னா, கோயில் உண்டியல் சாவியா? நாளைக்கு நீ காய்ச்சல்ல படுத்தா மிசினும் ஒங்கூட சேந்து படுத்துக்கணுமா?”

ஆபீஸ் சிரித்தது. துரையின் பாஸ்வேர்டே முதல் ஆணிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு நான் என்ன பேச? ஆறாவது ஆணி எனக்கு. யோசித்து யோசித்து நான் வைத்திருந்த எட்டு எழுத்தை என் கையாலேயே எழுதி மாட்டினேன்.

அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியாததை இப்போது சொல்கிறேன். சாவியை எடுத்தால் ஆணி காலியாகும். பார்த்தவுடனே, யார் எடுத்தது என்று கேட்கலாம். பாஸ்வேர்டை எடுக்கிறவர் கண்ணால் எடுத்துப் போகிறார். ஆணியில் அட்டை அப்படியே தொங்கும். எதுவுமே காணாமல் போகாது. பூட்டுக்குச் செய்த சட்டத்தை மந்திரம்போல இதற்கும் ஓதினார்களே, அதுதான் அநியாயம்.

பட்டியலைத் திருத்த வேண்டியவர்கள் எல்லாரும் என் பெயரில் நுழைந்தார்கள். என்னிடம் சொல்லித் திருத்தச் செய்தால் நேரம் பிடிக்குமாம். பாக்டரி கிராணி தன் திரையிலிருந்தே என்னைப்போல நுழைவார். சிலர் வேலை முடிந்ததும் வெளியேறாமல் திரையைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். மூன்று மாதம் ஆகியும் மற்ற ஐந்து அட்டையும் புதிதாகவே இருந்தன. என்னுடையது மட்டும் விரல் பட்டு ஓரம் கறுத்து, மூலை மடங்கிப் போயிருந்தது. எஸ்டேட்டில் நான் ஆறு பேராக நடமாடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பத்துக் கல்வீடுகள் கட்டி முடித்தார்கள். யாருடைய சர்வீஸ் அதிகமோ அவர்களுக்கு முதலில் வீடு. பத்துப் பேர் யார் என்று கம்ப்யூட்டர் பட்டியல் சொல்லும். நாங்கள் இருந்தது பழைய பலகை லயம். பலகை இடுக்கு வழியாகப் பனி உள்ளே வரும். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா இருந்தார். இருபத்து நான்கு வருட சர்வீஸ். கலியாணம் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகள், மூன்று வயது. பிள்ளைக்கு இழுப்பு. தானா ராத்தா ஆஸ்பத்திரியில், “ஈரமில்லாத வீட்டுக்கு மாத்துங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதலில் தட்டிய பட்டியலில் அக்கா ஏழாவது. என் அம்மா பதினொன்றாவது. தட்டியவன் நான், எனக்குத் தெரியும்.

அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயில் வேலை பார்த்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் பெண்கள் பிள்ளையையும் வீட்டுச் சாவியையும் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். யார் விட்டார்களோ அவர்கள் கையில்தான் அம்மா திருப்பிக் கொடுப்பார். புருஷன் வந்து கேட்டாலும் கிடையாது. “நீ இன்னாரு புருஷன்னு எனக்குத் தெரியும். அவ ஒன்ட்ட குடுக்கச் சொல்லலியே,” என்பார். எத்தனையோ ஆண்கள் கொட்டாய் வாசலில் நின்று திட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய மிசினுக்கு ஆபீஸில் இல்லாத காவல், தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டாயில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டியலை அச்செடுத்து ஒட்டினார்கள். அக்காவின் இருபத்து நான்கு வருடம் பதினான்காகிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் ஓர் எண் மாறியிருந்தது. அக்கா பத்துக்குக் கீழே போய்விட்டார். அவர் இறங்கியதால் அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு படி ஏறினார்கள். பதினொன்றாவதாக இருந்த என் அம்மா பத்தாவது.

ஒட்டிய காகிதத்துக்கு முன்னால் கூட்டம். நான் பின்னால் வந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள்.

“படிச்ச புள்ள லா. அம்மாவுக்கு ஒரு தட்டுல வீடு தட்டிக் குடுத்துருச்சி.”

“நம்மளும் புள்ளைங்கள படிக்க வச்சிருக்கணும்யா. ஆளுக்கொரு பங்களா தட்டியிருக்கும்.”

“நான் மாத்தலண்ணே,” என்றேன்.

“நீ எங்க மாத்துன? மிசினு மாத்துச்சி. மிசினுக்கு ஒங்கம்மா மேல பாசம்.”

மறுநாள் காலை அக்கா கொட்டாய்க்கு வந்தார், பிள்ளையை விட அல்ல. முந்தின நாள் மறந்துவிட்டுப் போன கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள்ள.

“புள்ளைய நானே வச்சிக்கிறேன் ஆயா,” என்றார்.

“மலையில பனி அடிக்குமேடி,” என்றார் அம்மா.

“வீட்டுக்குள்ளயும் அதேதான அடிக்குது.”

பிள்ளையின் தலையில் துண்டைச் சுற்றி, முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக அக்கா என்னைத் தாண்டி மேட்டில் ஏறிப் போனார். நான் கொட்டாய்க்கு எதிரே ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை மூச்சு விடும்போது கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது.

நேராகப் பெரிய கிராணியிடம் போய், யார் மாற்றியது என்று பதிவைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால். அக்காவின் வருடம் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

“இதுக்கு என்னா சொல்ற?”

“செவ்வாக்கெழம காலையில நான் பல்லு புடுங்கப் போயிருந்தேங்க ஐயா. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. நீங்கதான் லீவு குடுத்தீங்க.”

“சீட்டு இருக்கட்டும். மிசினுல மணி சரியா ஓடுதோ இல்லையோ, யாரு கண்டா? பேரு ஒன் பேருதான? மிசினு பொய் சொல்லுமா?”

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரே வரியில் என் பெயரும் இருந்தது, நேரமும் இருந்தது. பெயரை நம்பினார்கள். பக்கத்தில் இருந்த நேரத்தை நம்பவில்லை. நம்பியிருந்தால் பலகையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அது அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

“பட்டியல் துரை கையெழுத்துக்குப் போயிருச்சி,” என்றார். “திங்கக்கெழம சாவி குடுக்கிறாங்க. நீ செஞ்சேன்னு ஒத்துக்க. சின்னப் பையன், தெரியாமத் தட்டிட்டான்னு சொல்லி மாத்திருவோம்.”

“நான் செய்யலிங்களே ஐயா.”

“அப்பன்னா மாத்துறதுக்குக் காரணம் இல்ல. பட்டியல் அப்படியே போவும்.”

நான் பொய்யை ஒத்துக்கொண்டால் அக்காவுக்கு வீடு. உண்மையைச் சொன்னால் என் அம்மாவுக்கு வீடு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். பத்தாவது வீட்டை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தது எனக்குத் தெரியும்.

“கொழா உள்ளயே இருக்கு,” என்றார், திரும்பாமல். “குசினியில நின்னுக்கிட்டே சமைக்கலாம்.” விறகைத் தள்ளிவிட்டு, “நீ செஞ்சியாய்யா?” என்றார்.

“நீங்களுமாம்மா?”

“எனக்காகச் செஞ்சியோன்னுதான் கேட்டேன்.”

“இல்லம்மா.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் பிள்ளை இருமியது. இருமி, இழுத்து, மறுபடி இருமியது. அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

“செய்யாதத செஞ்சேன்னு சொல்லிட்டு வராத. நாளைக்கு என்னா காணாமப் போனாலும் ஒந்தலையில கட்டுவானுங்க. அவளுக்கும் அந்த வீடு கெடைக்கணும். படிச்சிருக்கியே, ரெண்டையும் செய்யிறதுக்கு வழி இல்லையா?”

திங்கட்கிழமை காலை துரையைப் பார்க்க அனுமதி கேட்டேன். துரை தமிழர்தான். ஆனால் ஆபீஸில் தமிழ் பேசினால் நாற்காலி ஆடிவிடும் என்று நினைப்பவர். பெரிய கிராணியும் கூடவே வந்து நின்றார். நான் ஆஸ்பத்திரிச் சீட்டை மேசையில் வைத்தேன்.

துரை அதைத் தொடவில்லை. “லுக், ரெக்கார்ட்ல உன் பேர் இருக்கு. உன் பாஸ்வேர்ட் இல்லாம உன் பேர் எப்படி வரும்?”

“அஞ்சு நிமிஷம் குடுங்க துரை. இந்த ரூம விட்டு யாரும் வெளிய போவாதீங்க.”

வெளியே வந்தேன். பலகைக்கு முன்னால் நின்று முதல் ஆணி அட்டையைப் படித்தேன். தொடக்கூட இல்லை. என் திரையில் துரையின் பெயரையும் அந்தப் பாஸ்வேர்டையும் தட்டினேன். மிசின் மரியாதையாக வழிவிட்டது. ஆள் பட்டியலில் பெரிய கிராணியைத் தேடினேன். இருபத்தொன்பது வருட சர்வீஸ். சேர்ந்த வருடத்தை மாற்றி, அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவராக ஆக்கினேன். பட்டியலையும் பதிவையும் பிரிண்டரில் எடுத்தேன். அது கிறீச்கிறீச்சென்று கத்தி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் பழைய வருடத்தை மறக்காமல் திரும்பத் தட்டிவிட்டு, இரண்டு காகிதத்தையும் துரையின் மேசையில் வைத்தேன்.

பெரிய கிராணி எட்டிப் பார்த்தார்.

“என்னாடா இது? என்னோட இருபத்தொம்பது வருசம் எங்க?”

“துரை எடுத்துட்டாருங்க ஐயா. பதிவப் பாருங்க. இப்பத்தான், ஒம்பது இருவதுக்கு.”

“துரை இங்கதானடா உக்காந்திருக்காரு!”

“மிசினு பொய் சொல்லுமாங்க ஐயா?”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “என் வருசத்தத் திருப்பி வச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

“வச்சிட்டேங்க ஐயா. அந்தக்காவோட பத்து வருசத்தத்தான் இன்னும் யாரும் வைக்கல.”

துரை அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு, ஆட்களின் வேலைக் கணக்கைக் கையால் எழுதிய பழைய செக்ரோல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். மை மங்கியிருந்தாலும் அக்கா சேர்ந்த வருடம் தெளிவாக இருந்தது. பட்டியல் அன்றே திருத்தப்பட்டது. அக்கா ஏழு, அம்மா பதினொன்று.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. உத்தரவு இல்லாமல் துரையின் பெயரில் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது கடுமையான குற்றமாம், முதல் எச்சரிக்கையாம். என் பெயரில் நுழைந்தவர் யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அது குற்றமாகவே எண்ணப்படவில்லை. பெயரில் என்ன ஏற்றத்தாழ்வு பாருங்கள். துரையின் பெயரை ஐந்து நிமிடம் எடுத்தவனுக்குக் கடிதம். என் பெயரை மாதக்கணக்கில் எடுத்துப் புழங்கியவர்களுக்குத் தேத்தண்ணி. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ‘பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை’ என்று எழுதிப் போட்டேன்.

இதோடு பாதுகாப்பைப் பலப்படுத்தவும் துரை உத்தரவு போட்டார். அதன்படி பலகைக்குக் கதவு போட்டார்கள். பூட்டும் வைத்தார்கள். அது கண்ணாடிக் கதவு. சாவி தொங்குகிறதா இல்லையா என்று திறக்காமலே தெரிய வேண்டுமாம். ஆறு பாஸ்வேர்டும் கண்ணாடிக்குப் பின்னால், முன்பைவிட அழகாகப் புது அட்டையில் தெரிந்தன.

அக்கா குடிபோன அன்று அம்மா என்னிடம் அக்கா வீட்டுப் பாத்திர மூட்டை ஒன்றைக் கொடுத்து, தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். பிள்ளை புது வீட்டுச் சிமென்ட் தரையில் வெறுங்காலால் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மூட்டையை வாங்கி வைத்துவிட்டு, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, நீ இல்லன்னு இப்பத் தெரியுது. அப்ப யாருதான் செஞ்சது?”

“தெரியலக்கா.”

“மிசினு எல்லாத்தையும் எழுதி வைக்கும்னு சொன்னியே?”

“எழுதித்தான் வச்சிருக்கு. எல்லாமே எம்பேருலதான் இருக்கு. தப்பாத் தட்டுனாங்களா, வேணும்னு தட்டுனாங்களா, அதுகூடக் கண்டுபிடிக்க முடியாது.”

அக்கா மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். “ஒங்கம்மாட்ட எஞ்சாவிய இருபது வருசமாக் குடுத்திருக்கேன். ஒருத்தர் கையிலயும் அது குடுத்ததில்ல. நீ மட்டும் ஏன்ய்யா ஒன்னோடத ஊருக்கே மாட்டி வச்சிருந்த?”

மாட்டச் சொன்னார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பெரிய கிராணியின் மேல், துரையின் மேல், மிசினின் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. அந்த எட்டு எழுத்தை எழுதி மாட்டியது என் கைதானே?

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். என் பாஸ்வேர்டை மாற்றினேன். பெரிய கிராணி வந்ததும், அட்டை மாற்ற வேண்டும் என்று கேட்டுக் கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொன்னேன். பழைய அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புதிய அட்டையை ஆறாவது ஆணியில் மாட்டினேன். அவர் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

“டே, என்னா இது, வெள்ளையாத் தொங்குது?”

“என்னோட அட்டதாங்க ஐயா.”

“எழுத்தே இல்லையேடா.”

“ஆமாங்க ஐயா.”

அவர் கண்ணாடியைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடியும் குனிந்து பார்த்தார்.